நோயையும் ஆராய்ச்சியையும் பொது இடத்துல கலையா வைக்கிறது எப்படி: முழு வழிகாட்டி

நான் போர்டு எழுதுற வேலையில இருந்து சுவர் ஓவியத்துக்கு வந்தவன். சில வருஷம் முன்னாடி ஒரு மெடிக்கல் காலேஜ் காம்பவுண்டு சுவர்ல டி.என்.ஏ. வரையச் சொன்னாங்க, 40 அடி நீளம். ராத்திரி புரொஜெக்டர் போட்டு அவுட்லைன் எடுத்து, மூணு நாள்ல கலர் அடிச்சு முடிச்சு, பெரியவங்க எல்லாம் வந்து போட்டோ எடுத்துட்டுப் போனப்புறம் ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒண்ணு சைக்கிளை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் பாத்துச்சு. "அண்ணா, இது இடப்பக்கமா சுத்துது, நம்ம உடம்புல இருக்கிறது வலப்பக்கமா சுத்தும்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு. பாத்தா புரொஜெக்டர் செட்டிங் 'ரியர்'ல இருந்திருக்கு, படம் கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பி விழுந்திருக்கு. படத்துல ஒரு எழுத்து இருந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், எழுத்தே இல்ல. 40 அடியையும் வெள்ளை அடிச்சு மறுபடி வரைஞ்சோம், அந்தச் செலவு என் கைக்காசு.

அதுக்கப்புறம் இந்த மாதிரி வேலை எங்கெங்க எப்படி பண்ணியிருக்காங்கன்னு தேடித் தேடி படிக்க ஆரம்பிச்சேன். நோய், வைரஸ், மரபணு, மருந்து இதையெல்லாம் தெருவுல, பார்க்குல, ஆஸ்பத்திரி வாசல்ல கலையா வைக்கிறதுக்கு உலகம் பூரா நல்ல முன்மாதிரிங்க இருக்கு. நான் பாத்த வரைக்கும் நிலைச்சு நிக்கிற வேலை எல்லாத்துலயும் ஒரு விஷயம் பொது: எல்லாத்தையும் காட்ட மாட்டாங்க, ஆனா ஏதோ ஒரு உண்மையை எண்ணினாலும் சரி அளந்தாலும் சரி பிசகாம வச்சிருப்பாங்க. காலேஜ்ல இருந்தோ பி.எச்.சி.யில (ஆரம்ப சுகாதார நிலையம்) இருந்தோ "ஒரு விழிப்புணர்வு ஓவியம் பண்ணிக் கொடுங்க"ன்னு கேட்டா எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்னு என் அனுபவத்துல இருந்து எழுதுறேன்.

படி 1: ஒரே ஒரு உண்மையைப் பிடிங்க

இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பக்கம் ஆடன்புரூக்ஸ் ஆஸ்பத்திரியில இருந்து கிரேட் ஷெல்ஃபோர்டுங்கிற ஊருக்கு ஒரு சைக்கிள் பாதை போகுது. 2005-ல திறந்தது, அந்த நாட்டு சைக்கிள் பாதை வலையோட 10,000-வது மைல் அது. தார் மேல குறுக்கே நாலு கலர்ல வரி வரியா பட்டை போட்டிருக்காங்க, மொத்தம் 10,257 பட்டை. பாக்குறதுக்கு ஏதோ கலர் கோடு மாதிரிதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு பட்டையும் பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவோட ஒவ்வொரு எழுத்து (மரபணுவை ஏ, டி, ஜி, சின்னு நாலே எழுத்துல குறிப்பாங்க, அதான் நாலு கலர்). மார்பகப் புற்றுநோய்க்கும் அதுக்கும் உள்ள தொடர்பு தெரியும்தானே, அந்த மரபணுதான். அதைப் படிச்செடுத்ததுல பக்கத்துலயே இருக்கிற சாங்கர் இன்ஸ்டிடியூட்டுங்கிற மரபணு ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரிய பங்கு இருக்கு.

இந்த 10,257 எங்க இருந்து வந்துச்சுன்னு நான் ஒரு நாள் பேப்பர்ல கணக்குப் போட்டுப் பாத்தேன். அந்த மரபணு செய்யுற புரதத்துல 3,418 அமினோ அமிலம். ஒரு அமினோ அமிலத்துக்கு மூணு எழுத்து, அப்ப 10,254. கடைசில "இதோட நிறுத்து"ன்னு சொல்ற மூணு எழுத்து சேர்த்தா 10,257. கரெக்டா வருது! அந்த முற்றுப்புள்ளியைக் கூட விடாம ரோட்டுல ஒட்டியிருக்காங்க. சைக்கிள்ல போறவன் எவனும் எண்ணப் போறதில்ல, இருந்தாலும் எண்ணினா சரியா இருக்கும். அதுல ஒரே ஒரு எழுத்து மாறினாலும் சில சமயம் ஒரு குடும்பத்துக்கே நோய் அபாயமா ஆகலாம்னு தெரிஞ்சவன் அந்தப் பாதையில போறப்ப ஒவ்வொரு பட்டையையும் வேற மாதிரி பாப்பான்.

இன்னொண்ணு இதைவிட எளிமையானது. லண்டன்ல பிராட்விக் தெருவுல ஒரு பழைய காலத்து அடி பம்பு நிக்குது, கைப்பிடி இல்லாம. 1854-ல அங்க காலரா வந்து 600 பேருக்கு மேல செத்தாங்க, ஜான் ஸ்நோங்கிற டாக்டர் வீடு வீடா கணக்கெடுத்து இந்தப் பம்பு தண்ணிதான் காரணம்னு சொல்ல, செப்டம்பர் 8-ஆம் தேதி கைப்பிடியைக் கழட்டினாங்க. இப்ப இருக்கிறது நகல் பம்புதான். காலராவைக் காட்ட கிருமி வேணாம், பிணம் வேணாம், ஒரு கைப்பிடி இல்லாததே போதும்னு யோசிச்சிருக்காங்க பாருங்க. (பக்கத்துல அவர் பேர்லயே ஒரு பப் இருக்கு, மனுஷன் குடியே தொடாதவர்.)

அதனால வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல ஒரே வரியில எழுதுங்க: இந்தக் கலை சொல்ற உண்மை என்ன? "டி.பி. பத்தி விழிப்புணர்வு"ன்னு எழுதினா அது உண்மை இல்ல, வெறும் தலைப்பு. 1956-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச காசநோய் ஆராய்ச்சி மையம், இன்னைக்கு சேத்துப்பட்டுல இருக்கிறதுதான், ஒரு விஷயத்தை நிரூபிச்சாங்க: நோயாளியை மாசக்கணக்கா சானடோரியத்துல (காசநோய்க்குன்னு இருந்த தனி ஆஸ்பத்திரி) படுக்க வைக்க வேணாம், வீட்டுலயே மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா அதே அளவுக்குக் குணமாகும். உலகம் பூரா காசநோய் வைத்தியத்தையே மாத்தின முடிவு இது. இப்ப பாருங்க, இது ஒரு வரி, இதுல படம் இருக்கு: ஒரு பக்கம் காலியா கிடக்கிற இரும்புக் கட்டில், இன்னொரு பக்கம் வீட்டுத் திண்ணையில மாத்திரையும் தண்ணிச் சொம்பும். தாம்பரம் சானடோரியம்னு ஒரு ரயில்வே ஸ்டேஷன் பேரே இருக்கு, தினம் எத்தனையோ பேர் இறங்குறாங்க, அந்தப் பேரு ஏன் வந்துச்சுன்னு சொல்ற மாதிரி ஒரு சுவர் அங்க இருந்தா எப்படி இருக்கும்னு நான் அடிக்கடி நினைப்பேன்.

படி 2: கிருமியா, உடம்பா, மனுஷனா?

இங்கதான் நெறைய பேர் வழுக்குறாங்க. நோய்னு சொன்னதும் முதல்ல கைக்கு வர்றது கிருமி, இல்லன்னா மண்டை ஓடு.

ஆப்பிரிக்காவுல ஆத்தோரம் இருக்கிற ஒரு கறுப்பு ஈ கடிச்சு பரவுற நோய் இருக்கு, ஆத்துக் குருட்டு நோய்னு சொல்லலாம், புழுவோட குஞ்சுங்க கண்ணு வரைக்கும் போய் பார்வையை அழிச்சிடும். இதுக்கு ஐவர்மெக்டின் மருந்தை 1987-ல மெர்க் கம்பெனி இலவசமா தர்றதா அறிவிச்சாங்க. இதுக்காக ஒரு வெண்கலச் சிலை செஞ்சாங்க, அட்லாண்டாவுல கார்ட்டர் சென்டர், வாஷிங்டன்ல உலக வங்கி, ஜெனீவாவுல உலக சுகாதார நிறுவனம்னு பல இடத்துல அதே சிலை நிக்குது. அதுல புழுவும் இல்ல ஈயும் இல்ல, மாத்திரை கூட இல்ல. ஒரு சின்னப் பையன் முன்னாடி நடக்குறான், அவன் பிடிச்சிருக்கிற குச்சியோட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு கண்ணு தெரியாத ஒரு பெரியவர் பின்னாடி வர்றாரு. அவ்வளவுதான். கண்ணு போனது பெரியவருக்கு, பள்ளிக்கூடம் போனது பையனுக்கு. நோய் ஒரு குடும்பத்துல ரெண்டு பேரை எப்படிப் பிடிக்குதுன்னு அந்தக் குச்சி சொல்லிடுது.

நம்ம பக்கம் எச்.ஐ.வி.க்கு ஒரு காலத்துல சுவர் சுவரா மண்டை ஓடும் பாம்பும்தான். அப்புறம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"ன்னு ஊரெல்லாம் எழுதினாங்க, ஞாபகம் இருக்கா? கவனத்தைப் பிடிச்சது வாஸ்தவம், ஆனா கேள்வி கிண்டலா மாறி பஸ்ஸுல பசங்க பேசிச் சிரிக்கிறதுல போய் முடிஞ்சது. அதோட ஒப்பிட்டா சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் ஸ்டேஷன் சுவர்ல இருக்கிற பெரிய ஓவியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்டார்ட் இந்தியாங்கிற தெருக்கலை அமைப்பும் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் சேர்ந்து பண்ணினது. வரிசையா முகங்கள், சிரிக்கிற முகம், சாதாரண முகம். யாருக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு பாத்துக் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் அந்த ஓவியமே.

எனக்குன்னு ஒரு ஆசை இருக்கு, சொல்லிடுறேன். இந்தியாவுல முதல்முதலா எச்.ஐ.வி. இருக்குன்னு கண்டுபிடிச்சது 1986-ல நம்ம சென்னையில, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சுனிதி சாலமன் மேடமும் அவங்க மாணவி நிர்மலாவும். சாம்பிளை டெஸ்ட் பண்ண வேலூர் சி.எம்.சி.க்கு ரயில்ல கொண்டு போனாங்க, அதுக்கு முன்னாடி நிர்மலா அதையெல்லாம் வீட்டு பிரிட்ஜுலதான் வச்சிருந்தாங்க. காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்துல ஒரு பழைய பிரிட்ஜ், கதவு லேசா திறந்து, உள்ள பாலும் காய்கறியும் நடுவுல சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிங்களும். யாராவது செய்யுங்களேன்.

படி 3: நோய் வந்தவங்க கிட்ட முதல்ல காட்டுங்க

ஸ்கெட்ச் போட்டதும் டாக்டர் கிட்ட ஓடாதீங்க. அந்த நோயோட இருக்கிறவங்க ரெண்டு மூணு பேர் கிட்ட காட்டுங்க.

ஒரு தடவை தொழுநோய் பத்தி ஒரு சுவர் பண்ணினோம். கொடுத்த மாதிரிப் படத்துல இருந்த மாதிரியே விரல் மழுங்கின கையை பெருசா வரைஞ்சுட்டிருந்தேன். எதிர்ல டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் எந்திரிச்சு வந்தாரு. "தம்பி, இந்தக் கையை நான் தினமும் பாக்குறேன், இதை வேற சுவர்ல பெருசா வரைஞ்சு எனக்கே காட்டுறியே"ன்னாரு. என்ன வரையலாம்யான்னு கேட்டேன். "இதே கையாலதான்ப்பா பொண்ணு கல்யாணத்துக்குத் தாலிச் சரடு எடுத்துக் கொடுத்தேன், அதைப் போடு"ன்னாரு. போட்டோம். அந்தச் சுவர்ல இன்னைக்கும் பொண்ணுங்க நின்னு செல்ஃபி எடுத்துட்டுப் போறாங்க. தொழுநோய்ல விரல் தானா அழுகி விழாது, உணர்ச்சி போனதால சூடும் காயமும் தெரியாம அடிபட்டு அடிபட்டுத்தான் போகுதுன்னு வேலூர்ல பால் பிராண்ட் டாக்டர் எத்தனையோ வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சு சொல்லிட்டாரு, அதைக் கூட அன்னைக்கு அந்தப் பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த விஷயத்துல மருத்துவ வரலாறே கொஞ்சம் அசிங்கமானது. 1951-ல அமெரிக்காவுல பால்டிமோர்ல ஹென்ரியெட்டா லாக்ஸ்னு ஒரு கறுப்பினப் பொண்ணு கர்ப்பப்பை வாய் புற்றுநோய்ல செத்தாங்க. அவங்க கட்டியில இருந்து கேக்காமலே எடுத்த செல் லேப்ல சாகாம பெருகிக்கிட்டே போச்சு, ஹீலா செல்னு உலகத்துல பாதி லேப்ல இருக்கிறது அதுதான். குடும்பத்துக்கு ரொம்ப வருஷம் இது தெரியாது. 2021-ல பிரிஸ்டல் யுனிவர்சிட்டி வளாகத்துல அவங்களுக்கு வெண்கலச் சிலை வச்சாங்க, செஞ்சது ஹெலன் வில்சன்-ரோ, அவங்களும் கறுப்பினப் பெண். 2023-ல ஹென்ரியெட்டா பிறந்த ரோனோக் ஊர்லயும் ஒரு சிலை வந்துச்சு, அடிமை முறைக்காகச் சண்டை போட்ட பக்கத்துத் தளபதி லீயோட நினைவுச் சின்னம் முன்னாடி இருந்த அதே சதுக்கத்துல. செல்லை வரையல, மனுஷியை நிறுத்தினாங்க.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. மேரியன் சிம்ஸ்னு ஒரு டாக்டர், அடிமைப் பெண்களை மயக்க மருந்து இல்லாம அறுத்து சோதனை பண்ணினவர், அவர் சிலை நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல ரொம்ப காலம் நின்னுச்சு, 2018-ல எடுத்துட்டாங்க. அலபாமாவுல மான்ட்கோமரியில மிஷெல் பிரவுடர்ங்கிற கலைஞர் அந்தப் பெண்கள்ல மூணு பேருக்கு, அனார்க்கா, லூசி, பெட்சி, பழைய இரும்புச் சாமானை வெல்டிங் பண்ணி பிரம்மாண்டமா சிலை வச்சாங்க 2021-ல. யாரை நடுவுல நிறுத்துறோம்ங்கிற முடிவு உங்க கையிலதான் இருக்கு, அது அப்புறம் உங்க பேர்லதான் நிக்கும்.

நடைமுறையில ரெண்டு விஷயம். உண்மையான நோயாளி முகத்தை வரையுறதா இருந்தா எழுத்துல சம்மதம் வாங்குங்க, எத்தனை அடி உயரம், எந்த ரோடு, எத்தனை வருஷம் இருக்கும்னு எல்லாம் சொல்லி வாங்குங்க, "போட்டோ எடுக்கட்டுமா"ன்னு கேட்டு தலையாட்டினது சம்மதம் இல்ல. எச்.ஐ.வி.ன்னா இன்னும் கவனம், ஒருத்தருக்கு இருக்குன்னு அவங்க அனுமதி இல்லாம வெளிய சொல்லக் கூடாதுன்னு 2017-ல வந்த சட்டமே இருக்கு. ரெண்டாவது, அவங்க நாளைக்கு மனசு மாறி "என் முகத்தை எடுத்துடுங்க"ன்னா எடுக்கிறதுக்கு பட்ஜெட்லயே கொஞ்சம் ஒதுக்குங்க.

படி 4: தகவல் எங்க எடுக்கிறது

கூகுள் இமேஜ்ல வர்ற முதல் படத்தை எடுக்காதீங்க, பாதி தப்பு, மீதி காப்பிரைட்டு. புரதம், வைரஸ் வடிவம் எல்லாம் புரோட்டீன் டேட்டா பேங்க்ங்கிற வெப்சைட்ல இலவசமா கிடைக்கும், 1971-ல வெறும் ஏழு வடிவத்தோட ஆரம்பிச்சது. ஒவ்வொண்ணுக்கும் நாலெழுத்துக் குறியீடு உண்டு, டி.என்.ஏ.க்கு 1-பி-என்-ஏ, ஹீமோகுளோபினுக்கு 4-எச்-எச்-பி. அந்த சைட்லயே சுத்திச் சுத்திப் பாக்கலாம், எந்த சாப்ட்வேரும் வேணாம். கிருமி போட்டோவுக்கு அமெரிக்க அரசோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யோட பொது சுகாதாரப் படத் தொகுப்பு இருக்கு, பெரும்பாலானது யாரும் எடுத்துக்கலாம், ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும் கீழ உரிமை பத்தி என்ன போட்டிருக்குன்னு பாத்துக்கோங்க.

ஆராய்ச்சியாளர் ஒருத்தரைப் பிடிச்சா "சார் இது கரெக்டா"ன்னு கேக்காதீங்க, "ம், பரவால்ல"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. பதிலா இப்படிக் கேளுங்க: இதுல எது மாறினா உங்களுக்குக் கோவம் வரும்? எது என் இஷ்டத்துக்கு விடலாம்? எது உங்களுக்கே இன்னும் தெரியாது? மூணாவது கேள்வி முக்கியம். பிரிஸ்டல்ல லூக் ஜெரம்னு ஒரு கலைஞர் 2004-ல இருந்து கண்ணாடியில வைரஸ் செய்யுறாரு, அந்த ஊர் யுனிவர்சிட்டி வைராலஜிஸ்ட் ஆண்ட்ரூ டேவிட்சன் உதவியோட. வைரஸ் உள்ள மரபணு இழை சரியா எப்படி மடிஞ்சிருக்குன்னு இவர் கேட்ட மாதிரியான சில கேள்விக்கு விஞ்ஞானிங்க கிட்டயே அப்ப தெளிவான பதில் இல்ல. வரையப் போறவன்தான் அந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பான், ஏன்னா பாடப் புத்தகத்துல அங்க ஒரு அம்புக்குறி போட்டு சமாளிச்சிருப்பாங்க, நமக்கு அங்க பெயிண்ட் அடிச்சே ஆகணும்.

படி 5: அளவு, நிறம், திருகு

இந்தப் படியைத்தான் நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன், அதனால கொஞ்சம் நீட்டுறேன்.

அளவு: ஜெரம் 2020-ல செஞ்ச கொரோனா கண்ணாடிச் சிற்பம் 23 செ.மீ., நிஜ வைரஸைவிட சுமார் 20 லட்சம் மடங்கு. இதே மடங்குல ஒரு ரத்தச் சிவப்பணு வரைஞ்சா 15 மீட்டர் அகலம் வரும், அஞ்சு மாடி உயரம். காசநோய்க் கிருமி 4-ல இருந்து 8 மீட்டர். இப்ப நம்ம ஊர் சுவர்ல எப்படி வரையுறோம்? கொரோனா ஒரு ஃபுட்பால், பக்கத்துலயே டி.பி. கிருமி ஒரு கத்தரிக்கா சைஸ், அதுக்குப் பக்கத்துல சிவப்பணு ஒரு இட்லி. தனித்தனியா வரைஞ்சா பிரச்சனை இல்ல, ஒரே சுவர்ல பக்கத்துப் பக்கத்துல வச்சா பொய். ஒரே மடங்கு வச்சு ஒரு சுவர் பண்ணிப் பாருங்க, அந்த அளவு வித்தியாசமே ஜனங்களை நிக்க வைக்கும்.

நிறம்: நம்ம கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தோட அலைநீளம் 400-ல இருந்து 700 நானோமீட்டர். கொரோனா வைரஸே 100 நானோமீட்டர் சுமாருக்குத்தான். அப்ப அதுக்குக் கலர்ங்கிற பேச்சே இல்ல. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் எல்லாம் கறுப்பு வெள்ளை, அப்புறம் கம்ப்யூட்டர்ல கலர் ஏத்துறாங்க. சாம்பல் உருண்டையில சிவப்பு முள்ளு இருக்கிற அந்த கொரோனா படம் சி.டி.சி.யில அலிசா எக்கெர்ட், டான் ஹிக்கின்ஸ்னு ரெண்டு பேர் 2020 ஜனவரியில செஞ்சது, சிவப்பு அவங்க எடுத்த முடிவு. ஜெரம் நிறக்குருடு உள்ளவர், இந்தக் கலர் எல்லாம் நிஜமான்னு அவருக்குச் சந்தேகம் வந்துதான் கண்ணாடிக்கே போனாரு. அதனால கலர் உங்க இஷ்டம், ஆனா இஷ்டம்னு தெரிஞ்சு போடுங்க. ஒண்ணே ஒண்ணு, சளி டெஸ்ட் ஸ்லைடுல டி.பி. கிருமி நீலப் பின்னணியில சிவப்புக் குச்சியா தெரியும், லேப்ல போடுற சாயம் அப்படி. அதை லேப் டெக்னீஷியன் எவரும் ஒரு பார்வையில அடையாளம் கண்டுடுவாங்க, அங்க கலரை மாத்தினா சிரிப்பாங்க.

திருகு: டி.என்.ஏ. வலது திருகு. செக் பண்றது ரொம்ப ஈஸி. படத்தை நிமிர்த்தி வச்சு, முன்னாடி தெரியுற இழையை மட்டும் பாருங்க, அது கீழ் இடதுல இருந்து மேல் வலதுக்கு ஏறணும். சாதாரண மரத் திருகாணியை கையில எடுத்து நிமிர்த்திப் பிடிங்க, அதே சாய்வு. படத்தைத் தலைகீழா திருப்பினாலும் இந்தத் திருகு மாறாது, கண்ணாடியில பாத்தா மட்டும்தான் மாறும், அதனால "தலைகீழா மாட்டிட்டாங்க"ன்னு சமாளிக்க முடியாது. இன்னொண்ணு, ரெண்டு இழைக்கும் நடுவுல இருக்கிற பள்ளம் ஒண்ணு அகலம் ஒண்ணு குறுகல், சமமா வரையக் கூடாது. இதுக்கப்புறம் ஊர்ல இருக்கிற டயக்னாஸ்டிக் சென்டர் போர்டு ஒவ்வொண்ணா பாருங்க, எத்தனை லோகோ இடது திருகுன்னு எண்ணிட்டு வாங்க, பொழுது போகும். இப்பல்லாம் நான் புரொஜெக்டர்ல போடுற எந்தப் படத்துலயும் மூலையில ஒரு "க" எழுதிட்டுத்தான் போடுவேன்.

படி 6: எந்தப் பொருள்ல செய்யுறது

ஜூலியன் வாஸ்-ஆண்ட்ரேயன்னு ஒருத்தர், குவாண்டம் பிசிக்ஸ் படிச்சுட்டு சிற்பியானவர். 2005-ல அமெரிக்காவுல ஆரிகான் மாநிலத்துல ஹீமோகுளோபின் வடிவத்துல ஒரு இரும்புச் சிற்பம் வச்சாரு. வச்சப்ப பளபளன்னு வெள்ளியா இருந்துச்சு, பெயிண்ட் அடிக்கல. மழை பெஞ்சு சில நாள்லயே செக்கச் செவேல்னு துரு ஏறிடுச்சு. வேணும்னேதான். ரத்தத்துலயும் இரும்புதான் ஆக்சிஜனைப் பிடிக்குது, துருவும் இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்கிறதுதான். (நிஜத்துல ஹீமோகுளோபின் பிடிச்ச ஆக்சிஜனை விட்டுடும், துரு விடாது, அது வேற.) பொருளே பேசுது.

அமெரிக்காவுல எய்ட்ஸ்ல செத்தவங்களுக்கு துணியில நினைவுச் சின்னம் பண்ணினாங்க. ஒவ்வொருத்தருக்கும் 3 அடிக்கு 6 அடி துணி, ஒரு குழியோட அளவு, அதுல வீட்டுக்காரங்களும் சிநேகிதங்களும் பேரைத் தைச்சாங்க. 1987 அக்டோபர் 11-ல வாஷிங்டன் புல்வெளியில முதல்ல விரிச்சப்ப 1,920 துண்டு, இப்ப 50,000 பக்கம், எடை 54 டன். கல்லுல வச்சிருந்தா ஒரே ஊர்ல நின்னிருக்கும், துணிங்கிறதால மடிச்சு ஊர் ஊரா கொண்டு போனாங்க. பழைய சட்டை, ஜீன்ஸ், பொம்மை எல்லாம் அதுல தைச்சு வச்சிருக்கு.

நமக்கும் இது புதுசு ஒண்ணும் இல்ல. சமயபுரத்துலயும் வேளாங்கண்ணியிலயும் கண்ணு, கை, காலுன்னு வெள்ளித் தகட்டுல உரு வாங்கிப் போடுறோமே, எங்க நோவோ அந்த உறுப்பு, ஆயிரக்கணக்கான பேரோட நோவு ஒரே இடத்துல. அந்தத் தகடு செய்யுறவங்க கிட்ட போய் ஒரு சிறுநீரகமோ ஒரு நுரையீரலோ அடிச்சுத் தரச் சொல்லிப் பாருங்க, டயாலிசிஸ் வார்டு சுவருக்கு அதைவிடப் பொருத்தமா என்ன இருக்கு?

படி 7: அனுமதி

எழுத்துல வாங்குங்க. அரசு ஆஸ்பத்திரின்னா டீன் லெட்டர், ரயில்வே சுவர்னா ரயில்வே, ரோட்டுச் சுவர்னா மாநகராட்சி. பொது இடங்களை அலங்கோலப்படுத்துறதுக்கு எதிரா 1959-லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு, நல்ல எண்ணத்துல வரைஞ்சோம்னா விட்டுடுவாங்கன்னு நம்பாதீங்க. மருந்துக் கம்பெனி ஸ்பான்சர் பண்ணினா லோகோ சைஸை முதல்லயே பேசி முடிவு பண்ணுங்க, கடைசி நாள்ல "கொஞ்சம் பெருசா"ன்னு வருவாங்க, கண்டிப்பா வருவாங்க.

படி 8: சுவர் வேலை

புதுப் பூச்சுன்னா ஒரு மாசமாவது காயணும். பழைய சுவர்னா முதல்ல ஓதம் பாருங்க: ஒரு அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்க ஒட்டிட்டுப் போங்க, மறுநாள் உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா அந்தச் சுவரைத் தொடாதீங்க, உப்பு பூத்து ஆறே மாசத்துல உங்க ஓவியம் அப்பளமா உரியும். சுரண்டி, கழுவி, வெடிப்பு அடைச்சு, பிரைமர் ஒரு கோட்டு, எக்ஸ்டீரியர் எமல்ஷன் ரெண்டு கோட்டு. இதுல காசு மிச்சம் பிடிக்கிறவன் அப்புறம் ரெண்டு மடங்கு அழுவான்.

அவுட்லைனுக்கு புரொஜெக்டர் இல்லன்னாலும் கவலை இல்ல, காவிப்பொடியில நூலை முக்கி ஒரு அடிக்கு ஒரு அடி கட்டம் தட்டுங்க, பேப்பர்லயும் அதே கட்டம். மரபணு மாதிரி எண்ணிக்கை முக்கியமான வேலைன்னா ஒருத்தர் படிக்கணும், ஒருத்தர் அடிக்கணும், மூணாவது ஆள் பத்துக்கு ஒரு தடவை பென்சில்ல நம்பர் போட்டுட்டு வரணும், தனியா பண்ணினா 200 தாண்டுறதுக்குள்ள கண்ணு கட்டிடும். சாரம் கட்டி மேல ஏறினா பெல்ட் போடுங்க. ஆஸ்பத்திரி சுவர்னா டர்பன்டைன் வாசம் வர்ற ஆயில் பெயிண்ட் வேணாம், உள்ள மூச்சுத் திணறலோட படுத்திருப்பாங்க. பகல்ல சாரத்து மேல இருந்து சத்தமா பாட்டு போடாதீங்க, மார்ச்சுவரி கேட் எந்தப் பக்கம்னு முதல் நாளே கேட்டு வச்சுக்கோங்க.

படி 9: பக்கத்துல எழுதுறது

ரெண்டே வரி, தமிழ்ல, கண்ணு மட்டத்துல. முதல் வரி நீங்க படி 1-ல எழுதின உண்மை. ரெண்டாவது வரி, சந்தேகம் இருந்தா எங்க போகணும், எந்த ரூம் நம்பர், எந்தக் கிழமை. ஆஸ்பத்திரியில அந்த ரூம் மாறிடுச்சுன்னா எழுத்தையும் மாத்தணும்னு யாராவது ஒருத்தர் கிட்ட பொறுப்பு கொடுங்க.

படி 10: அப்புறம்?

லண்டன்ல பார்லிமென்டுக்கு எதிர் கரையில தேம்ஸ் ஓரச் சுவர்ல 2021 மார்ச் கடைசியில கொரோனாவுல செத்தவங்களுக்காக சிவப்பு இதயம் வரைய ஆரம்பிச்சாங்க, ஒரு உயிருக்கு ஒரு இதயம், அரை கிலோமீட்டர் நீளம், முதல்ல ஒண்ணரை லட்சம் இதயம். உறவுக்காரங்க வந்து உள்ள பேர் எழுதினாங்க. ஆனா பெயிண்ட் பேனாவுல வரைஞ்சது, வெயில்ல மழையில வெளிறிப் போச்சு, அம்மா பேரைத் தேடி வந்தவங்களுக்கு பேரே தெரியல. அப்புறம் தன்னார்வலர்கள் வாராவாரம் வெள்ளிக்கிழமை வந்து நீடிச்சு நிக்கிற சுவர் பெயிண்ட்ல ஒவ்வொரு இதயத்தையும் மறுபடி போட்டு, பேரையும் மறுபடி எழுதிக்கிட்டு இருக்காங்க. அந்த வெள்ளிக்கிழமை வேலையும் அந்த நினைவுச் சின்னத்துல சேர்த்திதான்னு எனக்குத் தோணும், ஆனா உங்க சுவருக்கு அப்படி ஆள் கிடைக்குமான்னு யோசிச்சுக்கோங்க.

பளிச்சுனு இருக்கிற சிவப்பும் மஞ்சளும்தான் பெரும்பாலும் முதல்ல போகும். கோயில் மதில்ல அடிக்கிற காவி, அந்த ரெட் ஆக்சைடு, சீக்கிரம் போகாது, ரத்தம் வரையணும்னா முடிஞ்ச வரைக்கும் அதுக்குப் பக்கத்துல இருக்கிற சிவப்பா எடுங்க. முதல் ஐப்பசி மழை முடிஞ்சதும் போய் ஒரு தடவை சுவரைத் தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குனு காலி சத்தம் வர்ற இடத்தைச் சுரண்டிப் பூசிடுங்க. மீதி பெயிண்ட்டை ஆளுக்கொரு டப்பாவா பிரிச்சுக்காம, ஷேடு நம்பரை மூடி மேலயும் டப்பா மேலயும் எழுதி, அந்த பில்டிங் வாட்ச்மேன் ரூம்ல வைங்க. மூடியில மட்டும் எழுதினா மூடி மாறிடும், எனக்கு மாறியிருக்கு, அந்த 40 அடி டி.என்.ஏ.யில ஒரு சுத்து மட்டும் இன்னும் வேற நீலமா இருக்கு.